குறைந்த பாரம் சுமந்த தூண்

சில ஆண்டுகளுக்கு முன் கற்பிட்டிக் குடாநாட்டின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து பள்ளிவாசல் நிர்வாக சபையினர் என்னைத் தேடி வந்தார்கள். ஜும்ஆவுக்கு வருபவர்கள் முற்றத்து வெயிலில் பாய் விரிக்கும் நிலைமை. பள்ளியோடு சேர்ந்திருந்த ஒரு மாடி மண்டபத்தின் மேல் இன்னொரு மாடி எழுப்பத் தீர்மானித்திருந்தார்கள். பணமும் ஓரளவு சேர்ந்துவிட்டது. "ஒரு தடவை வந்து பாத்து, சரி எண்டு ஒரு கடிதம் தந்தாப் போதும்" என்றார் சபைத் தலைவர் ஹாஜியார்.

போய்ப் பார்த்தேன். எட்டு மீற்றர் அகல மண்டபம். மூன்று வரிசைத் தூண்கள்: இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. தூணுக்குத் தூண் குறுக்கே 4 மீற்றர், நீளவாட்டில் 3 மீற்றர். எல்லாத் தூணும் 9 அங்குலச் சதுரம், நான்கு மூலையிலும் 12 மில்லிமீற்றர் கம்பி. மேலே கொங்கிரீட் ஸ்லெப். கட்டியவர் ஊரில் நல்ல பெயரெடுத்த மேசன் பாஸ். அவரும் கூடவே வந்தார்.

"நடுத்தூணப் பாருங்க சேர். ரெண்டு பக்கத்துப் பாரமும் அதுலதான் இறங்குது. அது தாங்கினா ஓரத்துத் தூணெல்லாம் சும்மா தாங்கும்."

பாஸ் சொன்னதில் முதற்பாதி முழுக்கச் சரி. நடுத்தூணில்தான் அதிக பாரம் இறங்குகிறது. இரண்டாம் பாதிதான் ஆபத்தானது. அன்று அங்கே ஆபத்தில் இருந்தது குறைந்த பாரம் சுமந்த ஓரத்துத் தூண். ஏன் அப்படி என்பதைச் சாதாரண வாசகருக்கும் விளங்கும்படி சொல்லிவைப்பது நமது மாவட்டத்துக்கு அவசியம் என்று நினைக்கிறேன். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து சேர்ந்த மக்கள் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். 2007இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தினாலும் தங்கள் சொந்த உழைப்பினாலும் கல்வீட்டுக்கு வந்தார்கள். இன்று அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள். காணி பெருகவில்லை. இரண்டாவது மகளுக்கு வீடு என்றால் மேலேதான் போக வேண்டும். பழைய ஊரவர்களின் நிலையும் இதுதான். ஒரு மாடிக்காகப் போட்ட தூணின் மேல் இரண்டாவது மாடி ஏறுவது இப்போது ஒவ்வொரு தெருவிலும் நடக்கிறது.

பாரம் எங்கே நிற்கிறது?

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். முருகைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் வைத்து எழுப்பிய தடித்த சுவர்கள். அதற்குள் கம்பி இல்லை. கல்லும் சாந்தும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே பழைய கட்டடக்காரர்கள் சுவரைத் தடிப்பாக்கி, பாரம் எப்போதும் சுவரின் நடுப்பகுதிக்குள்ளேயே இறங்கும்படி பார்த்துக்கொண்டார்கள். சுவரின் தடிப்பை மூன்றாகப் பிரித்தால், பாரம் நடு மூன்றிலொன்றுக்குள் விழும்வரை சுவரின் எந்தப் பக்கமும் இழுபடாது. அதைத் தாண்டினால் எதிர்ப் பக்கம் வாய் பிளக்கத் தொடங்கும்.

9 அங்குலத் தூண் என்பது 225 மில்லிமீற்றர். அதன் நடு மூன்றிலொன்று 75 மில்லிமீற்றர்தான். அதாவது பாரம் நடுவிலிருந்து 37 மில்லிமீற்றர் விலகினாலே, ஒன்றரை அங்குலம், ஒரு பக்கம் இழுவை தொடங்கிவிடும். அந்த இழுவையை வாங்கிக்கொள்ளத்தான் கம்பி.

தலையில் நேராக வைத்த உப்பு மூட்டை கழுத்தை அமுக்கும், அவ்வளவுதான். அதே மூட்டையை ஒரு கையில் பக்கவாட்டில் தூக்கினால் இடுப்பு வளையும். மூட்டையின் நிறை மாறவில்லை, நிற்கும் இடம் மாறிவிட்டது. தூணிலும் இதே கதைதான். நேராக இறங்கும் பாரத்தை அச்சுச் சுமை என்கிறோம். வளைக்கும் விளைவை வளைதிருப்பம் என்கிறோம். வளைதிருப்பத்தை அச்சுச் சுமையால் வகுத்தால், பாரம் தூணின் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பது கிடைக்கும்.

நடுத்தூணின் இரண்டு பக்கமும் பீம் இருக்கிறது. ஒரு பீம் இந்தப் பக்கம் இழுக்க, மற்றது அந்தப் பக்கம் இழுக்க, இரண்டும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. ஓரத்துத் தூணுக்கு ஒரே பக்கம்தான் பீம். அந்த பீம் பாரத்தால் தொய்யும்போது தன்னோடு சேர்த்து வார்த்த தூணின் தலையையும் உள்ளே திருப்பப் பார்க்கிறது. எதிர்த்து நிற்க மறுபக்கம் யாரும் இல்லை.

தூணின் எல்லைக் கோடு

"இந்தத் தூண் எத்தனை தொன் தாங்கும்?" என்று கேட்டால் ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடியாது. எவ்வளவு வளைவோடு என்று சொன்னால்தான் எத்தனை தொன் என்று சொல்லலாம். அதனால் பொறியியலாளர்கள் ஒரு வரைபடம் கீறுவார்கள். நிலைக்குத்து அச்சில் அச்சுச் சுமை, கிடை அச்சில் வளைதிருப்பம். தூண் தாங்கக்கூடிய சோடிகளையெல்லாம் இணைத்தால் வயிறு தள்ளிய வில் போல ஒரு கோடு வரும். நமது தூணின் சுமையும் வளைவும் சேர்ந்த புள்ளி கோட்டுக்கு உள்ளே விழுந்தால் சரி, வெளியே விழுந்தால் சரியில்லை.

கோட்டைக் கீறும் முறை கடினமல்ல. வளையும்போது தூணின் குறுக்குவெட்டு சமதளமாகவே இருக்கிறது என்று கொள்கிறோம். ஒரு விளிம்பில் கொங்கிரீட் நொறுங்கும் தறுவாயில், 0.0035 விகாரத்தில், இருக்கிறது. அமுக்கமும் இழுவையும் பிரியும் கோடு இன்ன ஆழத்தில் என்று ஒரு எண்ணை எடுக்கிறோம். அந்த ஆழத்துக்குக் கொங்கிரீட்டின் அமுக்கு விசை எவ்வளவு, ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு இழுக்கிறது அல்லது அமுங்குகிறது என்று கணக்கிடுகிறோம். விசைகளைக் கூட்டினால் அச்சுச் சுமை. நடுவைப் பற்றி அவற்றின் திருப்பங்களைக் கூட்டினால் வளைதிருப்பம். ஒரு புள்ளி கிடைத்துவிட்டது. ஆழத்தை மாற்றி மாற்றிச் செய்தால் முழுக் கோடும் வரும்.

நம் நாட்டில் நீண்ட காலம் புழங்கிய பி.எஸ். 8110 விதிக்கோவையின்படி அந்த 225 மில்லிமீற்றர் தூணுக்கு நான் போட்ட கணக்கு இது. கொங்கிரீட் கிரேட் 20, கம்பியின் வலிமை 460, பாதுகாப்புக் குணகங்கள் சேர்த்தாயிற்று. சுமை கிலோ நியூட்டனில், வளைவு கிலோ நியூட்டன் மீற்றரில். பத்துக் கிலோ நியூட்டன் ஏறக்குறைய ஒரு தொன்.

சுமை 560 என்றால் தாங்கும் வளைவு 6
சுமை 430 என்றால் 16
சுமை 330 என்றால் 21
சுமை 215 என்றால் 26
சுமை 130 என்றால் 23
சுமை இல்லை என்றால் 15

மேலிருந்து கீழே வாசியுங்கள். சுமை குறையக் குறைய தாங்கும் வளைவு கூடுகிறது. இது எல்லோரும் எதிர்பார்ப்பது. ஆனால் 215க்குக் கீழே போனதும் தலைகீழாகிறது. சுமை குறைந்தால் வளைவைத் தாங்கும் சக்தியும் குறைகிறது. புளொக் கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பக்கவாட்டில் தள்ளுங்கள், விழுந்துவிடும். மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு தள்ளினால் நிற்கும். அழுத்தம் பிளவை மூடி வைக்கிறது. அழுத்தம் இல்லாத இடத்தில் அந்த வேலை முழுவதும் கம்பியின் தலையில் விழுகிறது.

இரண்டு தூண்கள், இரண்டு புள்ளிகள்

இனி மண்டபத்துக்கு வருவோம். கூரையாக இருந்த ஸ்லெப் இப்போது தொழுகைத் தளமாகப் போகிறது. பழுதுபார்க்க யாராவது ஏறும் கூரைக்குச் சதுர மீற்றருக்கு 1.5 கிலோ நியூட்டன் நடமாட்டச் சுமை எடுத்தால் போதும். ஆட்கள் நெருங்கி நிற்கும் மண்டபத் தளத்துக்கு 5 எடுக்க வேண்டும். தன்னிறையை 1.4ஆலும் நடமாட்டச் சுமையை 1.6ஆலும் பெருக்கி, புதிய சுவரையும் ஷீட் கூரையையும் சேர்த்துப் போட்டேன்.

நடுத்தூண்: சுமை 190. ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் வெறுமையாக இருக்கும் மோசமான நிலையிலும் வளைவு 11க்கு மேல் போகவில்லை. கோடு தருவது 25. பிரச்சினை இல்லை. பாஸ் கவலைப்பட்ட தூண் தாராளமாகத் தாங்குகிறது.

ஓரத்துத் தூண்: சுமை 150. வளைவு 25. கோடு தருவதோ 24.

வெறும் சுமையை மட்டும் பார்த்தால் 150 எங்கே, 560 எங்கே! மூன்று மடங்குக்கு மேல் கையிருப்பு இருப்பது போலத் தோன்றும். ஆனால் 25ஐ 150ஆல் வகுத்துப் பாருங்கள்: 167 மில்லிமீற்றர். தூணின் நடுவிலிருந்து அதன் முகம் வரைக்கும் 112 மில்லிமீற்றர்தான். அதாவது பாரம் தூணுக்கு வெளியே, இரண்டு அங்குலத்துக்கு அப்பால் நிற்கிறது என்று அர்த்தம். இதைத் தாளில் கீறிக் காட்டியதும் பாஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப தூண் பாரத்தத் தாங்கல்ல, பாரத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிது" என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்ல முடியாது.

பாரம் குறைக்கப் போய்

25 என்ற வளைவு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மேல்மாடிக்குக் கொங்கிரீட் தூண் வேண்டாம், இரும்புக் குழாய்களை ஸ்லெப்பில் போல்ட் போட்டு நிறுத்தி ஷீட் போடலாம் என்பது சபையின் திட்டம். பாரம் குறையுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பீமின் முனையில் வரும் திருப்பத்தைக் கீழ்த்தூண், மேல்தூண் இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள முடியும், இரண்டும் பீமோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தால். போல்ட் போட்ட குழாய் அந்தப் பங்கை எடுக்காது. முழுவதும் கீழ்த்தூணுக்கே போகும்.

குழாய்க்குப் பதிலாகக் கொங்கிரீட் தூணையே மேலே கொண்டுபோனால் கீழ்த்தூணின் வளைவு 25இலிருந்து 18ஆகக் குறைகிறது. சுமை ஐந்து கிலோ நியூட்டன் கூடுகிறது, அதுவும் இந்த இடத்தில் நன்மையே. பாரம் கூட்டினோம், தூண் பாதுகாப்பானது.

அதோடு முடியவில்லை. மேல்தூணுக்கும் அதே 18 வருகிறது. அதன் மேல் இருப்பதோ ஷீட் கூரை மட்டும்: சுமை 15தான். கோட்டின் அடிநுனிக்குப் போய்விட்டோம். 12 மில்லிமீற்றர் கம்பி அங்கே 16 வரைதான் தரும். ஆகவே மேல்தூணுக்கு 16 மில்லிமீற்றர் கம்பி, அப்போதுதான் 25 கிடைக்கும். "கீழ கம்பி கூட, மேல கம்பி கொற" என்பது நம் பாஸ்மாரின் பொது விதி. பல இடங்களில் அது சரியாகவே இருக்கும். ஓரத்து மேல்தூணில் அது தவறும்.

காற்றையும் மறக்கக்கூடாது. தென்மேல் பருவக் காற்றின் வேகம் நமக்குத் தெரியும். நாட்டின் முதலாவது வணிக ரீதியான காற்றாலைப் பூங்காவை 2010இல் மாம்புரியில் அமைத்ததற்குக் காரணமே அந்தக் காற்று. பக்கச் சுவரில்லாத மேல்மாடியில் காற்று கூரையைத் தூக்கும், தூணின் சுமையைக் குறைக்கும், அதே நேரம் வளைவைக் கூட்டும். கோட்டின் அடிப்பகுதியில் இந்த இரண்டும் சேர்ந்தால் இரட்டை நட்டம்.

கடல் தின்னும் பக்கம்

கணக்கோடு திரும்பி வந்திருந்தால் பாதி வேலைதான். கடற்பக்கத் தூண்களின் அடியில் நெடுக்கு வெடிப்புகள் கண்ணில் பட்டன. பூச்சை உடைக்கச் சொன்னேன். மூன்று தூண்களில் கம்பி துருவேறி, 12 மில்லிமீற்றர் ஏறக்குறைய 10ஆக இளைத்திருந்தது.

நல்ல கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சீமெந்தின் காரத்தன்மை துருவிலிருந்து காக்கிறது. உப்பு அந்தக் காப்பை உடைக்கிறது. உப்பு வருவதற்கு வழிகள் பல: கழுவாத கடல் மணல், சவர்க் கிணற்றுத் தண்ணீர், கடற்காற்று. துரு மூல இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்து கொங்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியே இன்னும் உப்பு.

12 மில்லிமீற்றர் 10ஆனால் கம்பியின் வெட்டுப் பரப்பில் மூன்றிலொன்றுக்குக் கிட்டப் போய்விட்டது. நேர்ச் சுமை தாங்கும் சக்தியில் அதனால் குறைவது ஏறக்குறைய 9 சதவீதம்தான், அங்கே பெரும்பங்கு கொங்கிரீட்டுடையது. வளைவு மட்டும் என்றால் 15இலிருந்து 11க்கு இறங்குகிறது, நாலிலொன்றுக்கு மேல் நட்டம். அந்த மூன்று தூண்களுக்கும் மேல்மாடி இல்லாமலேயே, இருந்த நிலையில், வேண்டிய வளைவு 16, கிடைத்தது பதினைந்தரை. நடுத்தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் இது ஒருபோதும் வெளியே வந்திருக்காது.

அதனால்தான் கரையோரத்தில் கம்பிக்கு மேல் 40 மில்லிமீற்றருக்குக் குறையாத கொங்கிரீட் மூடி வேண்டும் என்கிறோம். ஆனால் 9 அங்குலத் தூணில் மூடியைக் கூட்டினால் கம்பி நடுவை நோக்கி நகரும், வளைவைத் தாங்கும் நெம்புதூரம் குறையும். எனவே கடலோரத்து ஓரத்தூணுக்கு 9 அங்குலம் போதாது. தூணையே பெரிதாக்க வேண்டும்.

கோட்டில் அடங்காதவை

வரைபடம் பார்த்தபின்னும் மூன்று விடயங்கள் மிச்சம். ஒன்று, நெட்டையான தூண். தூணின் பயன்படு உயரத்தை அதன் அகலத்தால் வகுத்து வருவது, பக்கச் சுவர்களால் பிடித்து நிறுத்தப்பட்ட கட்டடத்தில் 15க்கும், திறந்த மண்டபத்தில் 10க்கும் குறைவாக இருந்தால்தான் குட்டைத் தூண். அதைத் தாண்டினால் தூண் தானே வில்லாக வளைந்து, தன் பாரத்தாலேயே மேலதிக வளைவை உண்டாக்கும். உயரமான தொழுகை மண்டபங்களில் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

இரண்டு, மூலைத் தூண். அதற்கு இரண்டு திசையிலிருந்தும் ஒற்றை பீம், ஆகவே இரண்டு திசையிலும் வளைவு. ஒவ்வொரு திசையையும் தனித்தனியே பார்த்துச் சரி என்று சொல்லக்கூடாது. இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும் சமன்பாட்டை 1960இல் போரிஸ் பிரெஸ்லர் வெளியிட்டார். விதிக்கோவைகளிலும் அதற்கு வழி இருக்கிறது.

மூன்று, வளையக் கம்பி. இது நெட்டுக் கம்பி வெளியே பிதுங்காமல் பிடிப்பது. நெட்டுக் கம்பியின் விட்டத்தைப் போல் 12 மடங்குக்கு மேல் இடைவெளி கூடாது. 12 மில்லிமீற்றர் கம்பிக்கு அது 144 மில்லிமீற்றர், ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் அடிக்கு ஒரு வளையம் போட்ட தூணுக்கு மேலே சொன்ன எண் எதுவும் பொருந்தாது.

இவற்றை அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2013 ஏப்ரல் 24ஆம் திகதி டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதியில்லாமல் மேல்மாடிகள் சேர்த்த கட்டடம் அது. முந்திய நாளே வெடிப்பைக் கண்டும் மறுநாள் வேலைக்கு அழைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 28ஆம் திகதி சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் அதைக் கட்ட வந்த கூலித் தொழிலாளர்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அந்த மண்டபத்துக்கு நான் கேட்ட கடிதத்தைக் கொடுக்கவில்லை. பதிலாக ஒரு வேலைப் பட்டியல் கொடுத்தேன். துருவேறிய மூன்று தூண்களையும் முட்டுக் கொடுத்து, பழுதான கொங்கிரீட்டைக் கொத்தி, நான்கு பக்கமும் 75 மில்லிமீற்றர் சேர்த்துப் புதுக் கம்பியோடு சட்டை போடுவது. மேல்மாடி ஓரத்தூண்களைக் கொங்கிரீட்டில் 16 மில்லிமீற்றர் கம்பியோடு எழுப்புவது. அத்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பது. செலவு கூடியது. சபையில் முணுமுணுப்பு எழுந்தது. "இத்தன வருசம் நிண்ட கட்டடம்தானே" என்றார் ஒருவர். ஹாஜியார்தான் அடக்கினார்: "வக்பு சொத்து அமானிதம். அதுக்குள்ள நிண்டு தொழுற மனிசன் அதவிடப் பெரிய அமானிதம்." வேலை ஒரு வருடம் பிந்தியது.

மேல்மாடி கட்ட நினைப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். நான் இங்கே தந்த எண்களை உங்கள் வீட்டுக்குப் போட வேண்டாம், அவை அந்த மண்டபத்துக்கு மட்டும். பட்டயம் பெற்ற பொறியியலாளர் ஒருவரைப் பிடியுங்கள். பிரதேச சபையின் அனுமதியை எடுங்கள். பிறகு பொறியியலாளரிடம் இவற்றைக் கேளுங்கள்: ஓரத்தூணையும் மூலைத்தூணையும் தனியாகச் சோதித்தீர்களா? ஒவ்வொன்றிலும் சுமையோடு சேர்ந்து வளைவு எவ்வளவு? மேல்மாடித் தூணின் கணக்கு எங்கே? உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்று உடைத்துப் பார்த்தீர்களா? காற்றைச் சேர்த்தீர்களா? கணக்குத் தாளில் தூணுக்குச் சுமை மட்டும் எழுதி வளைவுக்கு எண் இல்லையென்றால், அந்தத் தாள் முடியவில்லை.

அண்மையில் அந்தப் பாஸ் ஒரு வீட்டு வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் வாகனத்தை விட்டு இறங்குமுன்பே, "சேர், நடுத்தூண் பிறகு பாப்பம், முதல்ல இந்த மூலைக்கு வாங்க" என்றார்.